பன்னிரண்டுக்கு இறங்க வேண்டிய விமானம்

சூலூர் பேருந்து நிலையத்து டைம் கீப்பர் நஞ்சப்பன், இரண்டு நிமிடம் பிந்தி வந்தாலும் டிரைவரை உண்டு இல்லையென்று ஆக்கிவிடுவார். 1994 ஜனவரியில் அவர் மகள் மோகனப்பிரியா மேல்படிப்புக்கு லண்டன் புறப்பட்டாள். பம்பாயில் காலை ஏழுக்கு ஏறினால் லண்டனில் பகல் பன்னிரண்டுக்கு இறங்கலாம் என்றது டிக்கெட். ஐந்து மணி நேர ஓட்டம் என்று கணக்குப் போட்டார்.

பன்னிரண்டு போய் மூன்றும் ஆனது, போன் வரவில்லை. சோறு இறங்கவில்லை. பைலட்டைத் திட்டினார், மருதமலை முருகனிடம் கெஞ்சினார்.

மாலை ஆறுக்குப் போன் அடித்தது. "வந்துட்டனுங்கப்பா. பிளேன் சரியான டைமுங்க. இங்க இப்பத்தான் மத்தியானம் பன்னெண்டரை."

போனை வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவியிடம் கேட்டார்: "இனி அவ சாப்பிட்டாளோ என்னமோன்னு எந்தக் கடியாரத்தப் பாத்துத் தவிக்கறது, அம்மணி?"