நீல விளக்கின் அடியில் எண்ணெய்

“நெத்தியில மட்டும்தான் வெச்சேன் சிஸ்டர். வேற எங்கயும் தடவல.”

சிஸ்டர் எதுவும் கேட்கவே இல்லை. நர்ஸ் டியூட்டிக்குக் குழந்தைகள் வார்டுக்குள் அப்போதுதான் நுழைந்து கை கழுவிக்கொண்டிருந்தார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி வெல்டர் தானாகவே மாட்டிக்கொண்டார்.

அவர் தாத்தாவாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பேத்தி அவரையே உரித்து வைத்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லவில்லை. அந்தத் தங்கத்துக்குத்தான் மஞ்சள் காமாலை. கண்ணாடிப் பெட்டியில், நீல விளக்கின் அடியில், கண்ணைத் துணியால் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். முகமூடி போடாமல் வெல்டிங் வெளிச்சத்தில் நிற்காத மனுஷர், அதைப் பார்த்ததும் ஆடிப்போய்விட்டார். சாயங்காலச் சோதனையிலும் மஞ்சள் ஏறியிருந்தால் ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குமேல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சர்ச்சில் தந்த ஜெப எண்ணெயைக் குழந்தைக்குப் பூசிவிட்டார்.

சிஸ்டர் தன் கட்சிதான் என்று நம்பியிருந்தார். இருவருக்கும் ஒரே சர்ச். அங்கே சிஸ்டருக்கு ‘ஆமென் சிஸ்டர்’ என்று பெயர். பாஸ்டர் ஜெபத்தை முடிப்பதற்குள் அவருடைய ஆமென் கூரையைத் தொட்டுவிடும். எண்ணெயைச் சின்னப் பாட்டில்களில் ஊற்றிக் கொடுப்பதும் அவர்தான்.

சிஸ்டர் பெட்டியைத் திறந்தார். நெற்றி என்ன, நெஞ்சு, கை, கால் எல்லாம் பளபளத்தது. விளக்கை அணைத்தார். வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தார். கால் விரல் இடுக்கைக்கூட விடவில்லை. தன் ஜெபத்தையே துடைத்துப் போடுவதுபோல் இருந்தது வெல்டருக்கு.

“நீங்க ஊத்திக் குடுத்த எண்ணெய்தான் சிஸ்டர்.”

“தெரியும்ணே. உங்க பட்டறையில எண்ணெய்த் துணியை வெல்டிங் பக்கத்துல வெப்பீங்களா? இந்த லைட்டுக்கு அடியில எண்ணெயோட கெடந்தா பிஞ்சுத் தோல் என்னத்துக்கு ஆகும்?”

விழித்துக்கொண்ட மகள், இனி பெட்டிப் பக்கம் வந்தால் அப்பாவையும் உள்ளே படுக்க வைத்துக் கண்ணைக் கட்டிவிடுவதாகச் சொன்னாள். அந்த எரிச்சலில் வெல்டருக்கு வாய் தவறிவிட்டது.

“உங்க விசுவாசமெல்லாம் சர்ச்சோட சரியா சிஸ்டர்?”

சிஸ்டர் கோபப்படவில்லை. விளக்கைத் திரும்பப் போட்டார். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்து தன் மகனைப் பற்றிச் சொன்னார். சர்ச்சில் நாற்காலி அடுக்கும் அந்தப் பையனை எல்லோருக்கும் தெரியும். கையால்தான் பேசுவான். பிறவியிலேயே அப்படி என்றுதான் வெல்டரும் நினைத்திருந்தார்.

பிறவியில் அல்ல. பிறந்தபோது கதவு சாத்தினால் திடுக்கிடுவானாம். அப்புறம் உடம்பு மஞ்சளானது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். போனால் ஆண்டவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று மறுத்தது வேறு யாருமல்ல, சிஸ்டரேதான். தொட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்று வீடே ஜெபித்தது. மஞ்சள் இறங்கியது. போகிறபோது அது காதையும் எடுத்துக்கொண்டு போனது என்பது, ஒருநாள் பாத்திரம் விழுந்தும் குழந்தை திரும்பாதபோதுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவர் நர்ஸ் வேலை படிக்கப் போனார்.

“ஆண்டவர் என்னைக் கைவிட்டாருன்னு நான் ஒருநாளும் நெனச்சதில்லண்ணே. ஆஸ்பத்திரியில லைட்டைப் போட்டு வெச்சுக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்காரு. நான்தான் போகல.”

பிரசங்கம் கேட்கிற வேலை மிச்சம், நீ கொடுத்துவைத்தவன் என்று அந்தப் பையன் முதுகில் தட்டி வெல்டர் எத்தனை தடவை சிரித்திருக்கிறார். அவனும் சேர்ந்து சிரிப்பான். என்ன சொன்னார் என்று தெரியாமலே சிரித்திருக்கிறான்.

சாயங்காலம் குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவு வரும்வரை வெல்டர் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால், உள்ளே சிஸ்டர் விளக்கின்மேல் கைவைத்துக் கண்ணை மூடி நின்றார். விளக்குக்காக ஜெபம் பண்ணுகிற ஆளை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். மஞ்சள் குறைந்திருந்தது. ரத்தம் மாற்ற வேண்டியதில்லை.

இன்று காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டில்லாத கண்ணால் பேத்தி தாத்தாவைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டாள். அதையே சிரிப்பு என்று அவர் சாதித்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று, ஆண்டவர் என் பேத்தியைத் தொட்டுக் குணமாக்கினார் என்று சாட்சி சொல்லப் போவதாகவும் சொன்னார்.

குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே சிஸ்டர் சொன்னார்:

“தாராளமா சொல்லுங்கண்ணே. லைட்டையும் சேத்துச் சொல்லுங்க. அதை விட்டுட்டுச் சொன்னா பொய்ச்சாட்சி ஆயிடும்.”