மதினி குளித்த மிச்சத் தண்ணீர்

என் வீட்டுக்காரர் மேல் வெள்ளிக்கிழமைதோறும் இன்னொருத்தியின் வாசனை அடிக்கும். அந்த இன்னொருத்தி வேறு யாரும் இல்லை, அவருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. தப்பாக நினைக்க அதில் ஒன்றும் கிடையாது. தப்பு என்று ஏதாவது இருந்திருந்தால் நன்றாகச் சண்டையாவது போட்டிருப்பேன். வெந்நீருக்காக யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராசிங்காபுரத்திலிருந்து போடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஏலக்காய் வியாபாரக் குடும்பம். மூத்தவர் பெரும்பாலும் மலைமேல்தான் இருப்பார், எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்க் காய் வாங்குவார். என் வீட்டுக்காரருக்குக் கீழே கடைச் சோலி. வீட்டுப் பின்கட்டில் ஒரு குளிப்பறை, ஒரு வெந்நீர் அடுப்பு, அதன்மேல் ஒரு செப்பு அண்டா. வெந்நீர் அடுப்பு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எரிய வேண்டும் என்பது மாமியார் போட்ட சட்டம். நான் விடியுமுன்னே கிணற்றடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்துவிடுவேன். ஆகவே வெள்ளிக்கிழமை அண்டா மூத்த மருமகளுக்கு.

அவள் பிறந்து வளர்ந்தது மலைச் சரிவில். அப்பா ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பக்கத்துத் தொழிலாளர் லயத்து மலையாளத்துப் பெண்களிடம் குளிக்கக் கற்றுக்கொண்டாளாம். குளிப்பதைக்கூட ஒருத்தி கற்றுக்கொள்வாளா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவள் குளியல் போடுவதைக் கதவிடுக்கில் நின்று பார்க்காமலும் இருக்க முடியாது. நொச்சி இலையையும் வெட்டிவேரையும் மெல்லிய துணியில் முடிந்து அண்டாவில் இறக்குவாள். தண்ணீர் நிறம் மாறியதும் காய்ந்த ஆவாரம்பூ ஒரு கை. பிறகு விறகை வெளியே இழுத்துவிட்டு, கொதி அடங்குகிற வரைக்கும் பொறுமையாக உட்கார்ந்து, கடைசியில்தான் பன்னீர் ரோஜாவையும் மகிழம்பூவையும் தூவி மூடுவாள்.

"பூவ வேக வச்சிரக் கூடாது பிள்ள. தண்ணி ஆறி வரும்போது போட்டாத்தான் மணம் நிக்கும்," என்று ஒருமுறை நான் கேட்காமலே சொன்னாள்.

தலைக்குச் செம்பருத்தி இலையை அரைத்து வைத்திருப்பாள். அதைத் தாளி என்பாள். மணையில் உட்கார்ந்து செம்பு செம்பாக, அவசரமே இல்லாமல் ஊற்றிக்கொள்வாள். நான் பருப்பு வேகவைத்து, குழம்பு கூட்டி, அப்பளம் பொரித்து முடிக்கும்போதுதான் உள்ளே செம்பு வைக்கிற சத்தம் கேட்கும். ஈரத்தலையோடு வெளியே வந்து, "கொழுந்தனுக்கு ரெண்டு கொடம் மிச்சம் வச்சிருக்கேன். வந்ததும் வெரசா குளிக்கச் சொல்லு, ஆறிரும்," என்பாள்.

அவரும் வருவார். நடை ஏறும்போதே, "மதினி குளிச்சாச்சா? வீடே மணக்குதே!" என்பார். என் சமையலை இந்த மாதிரி ஒருநாள், ஒரே ஒருநாள்கூடச் சொன்னதில்லை. நேரே போய் அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து இலை முன்னால் உட்காருவார். ஒருநாள் அவர் முதுகில் ரோஜா இதழ் ஒன்று ஒட்டியிருந்தது. துண்டை எடுத்து அழுத்தித் தேய்த்தேன்.

"ஏய், தோலு உரியுது!"

"அழுக்கு," என்றேன்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தடவை என் தண்ணீரில் குளித்துவிட்டு, மணக்கிறது என்று அந்த மனுஷன் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஓரகத்தி வீட்டுக்கு விலக்கானாள். அண்டா என் கைக்கு வந்தது. அவள் போடும் எதையும் போடக் கூடாது என்று வைராக்கியம். எங்கள் கடையின் ஏலக்காய் பொறுக்கும் கொட்டகைக்குப் போய், வெடித்த காயும் தொலியுமாக முந்தானை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். துணியில் முடிந்து, கொதி அடக்கி, எல்லாம் அவள் செய்கிற மாதிரியே செய்தேன். மூடியைத் திறந்தபோது எனக்கே தலை கிறுகிறுத்தது. மகாராணிகூட ஏலக்காய்த் தண்ணீரில் குளித்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கிணற்றடிக்குப் போகாமல் நானும் அதில்தான் குளித்தேன், அவசரமே இல்லாமல். அவருக்கு இரண்டு குடம் மிச்சம் வைத்தேன்.

மத்தியானம் வந்தார். நடை ஏறினார். நேரே குளிப்பறைக்குப் போனார். குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னைக்கு என்ன, வெறுந்தண்ணியா?"

காலை முதல் இருட்டும் வரை ஏலமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற மூக்கு அது. ஊரே அந்த வாசனைக்குள் கிடக்கும்போது ஒரு முந்தானைக் காய் அவருக்கு எங்கே தெரியப் போகிறது? ஏலம் விளையாத ராசிங்காபுரத்துக்காரி எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் இலையில் சோற்றைப் போட்ட வேகத்தில் குழம்பு சிதறி வேட்டியில் பட்டது. "பாத்துப் போடு," என்றார். பார்த்துத்தான் போட்டேன்.

அடுத்த வருஷம் மூத்தவர் மலையிலேயே வீடு எடுத்தார். ஓரகத்தி சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். எனக்கு உள்ளுக்குள் பொங்கல் வைத்த மாதிரி இருந்தது. கண்ணீர் விட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். கையில் ஒரு துணி மூட்டையைத் திணித்தாள். வெட்டிவேர், ஆவாரம்பூ, மகிழம்பூ, எல்லாம் நிழலில் காயவைத்தவை.

"வெள்ளிக்கிழம போட்டுக் குடு பிள்ள. கொழுந்தனுக்கு ரொம்பப் பிடிக்கும்."

உனக்குப் பிடிக்கும் என்று சொல்லியிருந்தால் மூட்டையைப் பத்திரமாக வைத்திருப்பேனோ என்னவோ. வெள்ளிக்கிழமை வந்தது. அண்டாவில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். மூட்டையை அப்படியே அடுப்புக்குள் வைத்து மேலே இரண்டு விறகைச் செருகினேன். பூ பொரிந்தது, வேர் புகைந்தது. அவள் இனி இந்த வீட்டில் இல்லை என்று நிம்மதியாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புகை பின்கட்டு தாண்டி, நடை தாண்டித் தெருவுக்குப் போயிருக்கிறது. கடையிலிருந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓட்டமும் நடையுமாகப் பின்கட்டுக்கே வந்துவிட்டார். வாயெல்லாம் பல்.

"மதினி வந்துட்டாகளா?"

"வரல," என்றேன். "வெந்நி காஞ்சிருக்கு. போய்க் குளிங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிப்பறைப் பக்கம் போனார். போகிறபோது அண்டா மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். வெறுந்தண்ணீர்தான் இருந்தது.