முதலில் விழித்த பெட்டி

நாலாவது முறையாக நெட்வொர்க் மெக்கானிக் ஸ்டான்லி, பெட்டிகளில் எரியும் விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் எல்லாம் பச்சை. எண்ணும்போது உதடு அசையும். நடுவில் யாராவது பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டால்தான் அவருக்கு வேலை ஓடும். கேபிள் முனைகளில் அடையாளம் வைக்க மனைவி ஜெஸ்லினின் நகப்பூச்சை எடுத்து வந்துவிடுவார். தேனியிலிருந்து கம்பம் வரை எந்த ஆபீஸில் கேபிள் நுனி சிவந்திருந்தாலும் அது அவர் கை பட்டது.

"எல்லாம் உசுரோடதான் இருக்கு. அப்புறம் ஏன் ஒண்ணுக்கொண்ணு பேச மாட்டேங்குது? ஒண்ணும் வெளங்கலையே" என்றார், பெட்டிகளிடமே.

போடியில் ஒரு தனியார் ஏலக்காய் ஏலக்கூடம் அது. வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விலை கேட்பார்கள். அத்தனை கேபிள்களும் வந்து சேருவது இந்தச் சின்ன அறையில் அடுக்கியிருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகளில். மூன்று பெட்டிகளைப் பின்பக்கம் தடித்த கேபிளால் பிணைத்து, ஒரே பெட்டி போல நடக்க வைத்தவர் ஸ்டான்லி. இடம் போதாமல் இப்போது நாலாவதும் வந்திருக்கிறது. பத்தரைக்கு ஏலம்; மணி ஒன்பதே முக்கால். மலையிலிருந்து இறங்கி வந்த விவசாயிகள் வாசலில் மலையாளமும் தமிழுமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். போன மாதம் ஒருமுறை நின்றுபோனதற்கே மேனேஜர் சுருளி, "இன்னொரு வாட்டி நின்னுச்சு, மதுரக் கம்பெனிக்காரகள வரச் சொல்லிருவேன்" என்றிருந்தார். ஸ்டான்லிக்கு மாதம் தவறாமல் கிடைக்கும் வேலை இது ஒன்றுதான்.

கேபிள்களைப் பிடுங்கிச் சொருகினார். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார். மூன்று வருடமாக எழுதிச் சேர்த்த செட்டிங்ஸ் ஒன்றையும் காணோம். திருடன் வந்திருந்தால் பெட்டியை அல்லவா தூக்கிப் போயிருப்பான். உள்ளே இருப்பதை மட்டும் துடைத்துக்கொண்டு போவானா?

கூட்டிப் பெருக்கும் பவுனு வாசலில் தயங்கி நின்றார். ஆயுதபூசைக்கு அணைத்த மெஷின்களைக் காலையில் போட்டுவிட்டது அவர்தான்.

"எத மொதல்ல போட்டீகக்கா?"

"புதுசத்தான் தம்பி. புதுச் சாமானுக்குச் சூடங் காட்டித்தான போடணும். அது அணையுற மட்டும் நின்னு கும்பிட்டேன். பெறகுதான் மத்த மூணையும் போட்டேன்."

ஸ்டான்லி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இந்தப் பெட்டிகளில் முதலில் விழிப்பதுதான் தலை. பின்னால் விழிப்பவை தலை சொல்வதைக் கேட்டு, தம்மிடம் இருந்ததை மறந்துவிடும். புதுப் பெட்டிக்கோ ஒன்றுமே தெரியாது. அதற்குத் தெரியாது என்பதற்காகத் தெரிந்த மூன்றும் மறந்துவிடுமா? பாடத்தில் படித்ததுதான், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அதைவிட, புதுசை மற்ற மூன்றோடும் பிணைத்து வைத்தது யார்? பூசைக்கு முன்னால் புதுச் சாமான் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று சுருளி சொல்ல, பின் கேபிளையும் சேர்த்து மாட்டிவிட்டு, லீவு முடிந்து அதற்குள் செட்டிங்ஸ் எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனவர் அவரேதான்.

எல்லாவற்றையும் அணைத்தார். புதுசைப் பிரித்துவிட்டு, மேலே இருந்த பழைய பெட்டியை முதலில் எழுப்பி, லேப்டாப்பில் வைத்திருந்த செட்டிங்ஸ் நகலை ஏற்றினார். பத்து இருபத்தாறுக்குக் கூடத்துத் திரைகளில் ஏலப் பட்டியல் வந்தது.

சுருளி வேகமாக உள்ளே வந்தார். "இந்தம்மா பண்ணுன வேலைன்னு வெளிய பேசிக்கிறாக. இது வச்சிருந்த ரூம் சாவி இந்தா, இனி நீயே வச்சுக்க. அது இங்கன கால வைக்கக் கூடாது."

பவுனு சுவரைப் பார்த்து நின்றார்.

"அவுக எப்பவும் போலத்தான் போட்டாக சார். கேபிளச் சொருகிட்டுப் போனது நான்."

"அப்ப மதுரக்காரகள்ட்ட பேசிரட்டுமா?"

ஸ்டான்லி பவுனுவின் பக்கம் திரும்பி, கையிலிருந்த சாவியை நீட்டினார்.