கெளுத்தியில் நிற்காத மெருகு

அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தின் சமையற்கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். காரைக்காலில் எங்கள் தெருவுக்கு அவர் இன்றும் ‘சொல்தா’தான். அந்த ராணுவத்துக்குப் போய்வந்த எல்லோருக்கும் இங்கே அதுதான் பெயர். ஓய்வு பெற்று அண்ணியுடன் ஊர் திரும்பியபோது கூடவே ஒரு மரப்பெட்டி வந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் நான் உட்பட எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். உள்ளே இருந்தது ஒரு சாணை இயந்திரம்.

சைக்கிளில் வருகிறவரின் சாணையில் பொறி பறக்கும். இதில் பறக்காது. கல்லின் கீழ்ப்பாதி ஒரு தொட்டித் தண்ணீரில் மூழ்கியபடி அவசரமில்லாமல் சுற்றும். இரும்பு சூடாகாது. சூடானால் கத்தியின் உரம் போய்விடும் என்பார் அண்ணன். கல்லுக்கு மறுபக்கம் தோல் போர்த்திய சக்கரம் ஒன்று. மெருகுப் பசை தடவிய அந்தத் தோலில் விளிம்பைக் காட்டினால், கல் விட்டுவைத்த பிசிரெல்லாம் போய்க் கண்ணாடியாகும். கல்லுக்குப் பத்து நிமிடம் என்றால் தோலுக்கு அரை மணி கொடுப்பார்.

சோதிப்பது செய்தித்தாளில். ஒற்றைத் தாளை இடது கையில் தொங்கவிட்டுக் கத்தியை இறக்குவார். கிழியும் சத்தம் கேட்டால் கத்தி மறுபடி தோலுக்குப் போகும். நான் நீண்ட காலம் நிருபராக இருந்தவள், இப்போதும் எப்போதாவது எழுதுகிறேன். தாளைக் கையில் எடுத்ததும் அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டி, அதில் என் செய்தி இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு விளம்பரப் பக்கத்தை எடுப்பார். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஜன்னல் வழியாக நானாகப் பார்த்தது.

கூலி கிடையாது. தெருக் கத்திகள் எல்லாம் வந்தன. பூவம் கிராமத்திலிருந்து உறவுக்காரர்கள் அரிவாள்மனையைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தார்கள். தானாக வராததை அண்ணனே போய் வாங்கி வந்தார். மீன் மார்க்கெட்டில் எங்களுக்கு மீன் அரிந்து தருகிற பெண்ணின் அரிவாள்மனை அப்படித்தான் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்து வந்து, சனிக்கிழமை விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கெளுத்தி வாங்கி அவளிடம் கொடுத்தேன். அவள் இடது கட்டைவிரலில் துணிக்கட்டு. அரிவாள்மனை அண்ணன் கைபட்டுப் பளபளத்தது. அவள் காலடியில் கிடந்த செங்கல் துண்டை எடுத்து, அந்த விளிம்பில் நாலு இழுப்பு இழுத்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் கை நின்றது.

“பாத்துட்டீங்களாக்கா.”

“ஏன் அதப் போட்டு தேய்க்கிற?”

“அண்ணன் நல்லாத்தான் செய்றாங்க. மூஞ்சி பாத்துப் பொட்டு வச்சுக்கலாம். கெளுத்தித் தோலு மேல வச்சா நிக்க மாட்டேங்குது, சறுக்கிட்டு ஓடுது. கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாத்தான் கவ்வும்.”

“விரல்ல என்ன?”

“நேத்து அவங்க எதுக்கவே நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க முன்னாடி எப்பிடிக் கல்லப் போட்டு தேய்க்கிறது? அப்பிடியே அரிஞ்சேன். வழுக்கிடுச்சு. முந்தானைக்குள்ள கைய மறச்சுக்கிட்டேன். சொல்லிடாதீங்கக்கா, ஆசயா செய்றாங்க.”

“இன்னும் ஆழமாப் பட்டிருந்தா?”

“பட்டா வீட்டுல உக்கார வேண்டியதுதான். இந்தக் கைதானே சோறு போடுது.”

அரிய வேண்டாம் என்றேன். கெளுத்தியின் முள்ளை மட்டும் ஒடித்துத் தந்தாள்.

ஒருவர் சொன்னதை இன்னும் இருவரிடமாவது கேட்டுக்கொள்வது என் தொழில் பழக்கம். எதிர்வீட்டுக்காரி கத்தியை வாசற்படியில் தேய்ப்பதாக ஒப்புக்கொண்டாள். அண்ணியிடம் கேட்டேன். ஒரு காப்பிக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். பீங்கானின் மெருகில்லாத அடிவிளிம்பில் கத்தி தேய்த்த கறுப்புக் கோடுகள்.

“தக்காளி கூட நழுவுது. சொன்னா மனசு ஒடஞ்சிடும்னு விட்டுட்டேன்” என்றார்.

அண்ணனிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மறுபடி மார்க்கெட்டுக்குப் போவார். அரியாமல் கொண்டுவந்த அந்த முழுக் கெளுத்தியையும், அன்று காலைதான் அவர் மெருகேற்றி முடித்த அண்ணியின் அரிவாள்மனையையும் அவர் முன்னால் வைத்தேன்.

“நீயே அரிஞ்சு குடுண்ணே.”

உட்கார்ந்தார். மீனை விளிம்பில் வைத்து அழுத்தினார். அது வழுக்கி அவர் மடியில் விழுந்தது. மறுபடி வைத்தார். இந்த முறை விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். விளிம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேப்பர்ல நல்லா எறங்குச்சே.”

“பேப்பர கொழம்பு வைக்க முடியுமா?” என்றார் அண்ணி.

அண்ணன் சிரிக்கவில்லை. “மார்க்கெட்டுல அந்தப் புள்ள எப்பிடி அரியுது?” என்று என்னைக் கேட்டார். சொன்னேன். செங்கல்லைச் சொன்னபோது தலையசைத்தார். கட்டைவிரலைச் சொன்னதும் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். அன்று முழுவதும் இயந்திரம் ஓடவில்லை.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் புறப்பட்டார். நானும் போனேன். அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள். உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

“எவ்வளவு சொரசொரப்பு வேணும், காட்டு.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே.”

“காட்டுன்றேன்ல.”

அவள் செங்கல்லை இழுத்தாள். அண்ணன் விளிம்பை நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். அரிவாள்மனையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தொட்டியில் தண்ணீர் ஊற்றி, ஈரக் கல்லில் மட்டும் பிடித்தார். கை பழக்கத்தில் தோல் சக்கரத்தின் பக்கம் போயிற்று. பாதி வழியில் நிறுத்தி, துணியால் துடைத்தார். விளிம்பு சாம்பல் நிறத்தில் இருந்தது.

“பாக்கவே நல்லால்ல. இதயா குடுக்கிறது?” என்றார்.

ஒரு மணி நேரத்துக்குள் அதை அவள் முன்னால் வைத்தோம். ஈரக் கெளுத்தி ஒன்றை எடுத்து வைத்தாள். நழுவவில்லை. ஒரே இழுப்பில் தலை தனியாக விழுந்தது. அவள் அடுத்த மீனை எடுத்தாள். செங்கல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. துணி கட்டிய விரல் மீனை அழுத்திப் பிடித்திருந்தது. அண்ணன் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார், ஏழெட்டு மீன் முடியும் வரை.

பின்னால் வரிசையில் கூடையோடு நின்ற பெண் பொறுக்க முடியாமல் கேட்டாள்: “பெரியவரே, மீன் அரிஞ்சுக்க வந்தீங்களா, வேடிக்க பாக்க வந்தீங்களா?”

அண்ணன் விலகி வழிவிட்டார். பிறகு, கையில் மீன் எதுவும் இல்லாமலே, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.