சுவரைப் பார்த்து நின்ற சேல்ஸ்மேன்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் ஐ ஊரையே சிவக்க வைத்தபோது, நான் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷன் இன்சார்ஜ். தீபாவளி சீசன் தொடங்கும் நேரம் பார்த்து என் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டுப் போனார்கள். "நோய்க்குப் பயந்து ஓடிட்டானுவ" என்று முதலாளி பார்ப்பவரிடமெல்லாம் புலம்பினார். போனவர்கள் அத்தனை பேருக்கும் ஏற்கெனவே கண் சிவந்திருந்தது. வந்துவிட்ட நோய்க்கு எவன் பயந்து ஓடுவான்? இதை அவரிடம் நான் கேட்கவில்லை. எனக்கும் பிள்ளை குட்டி இருந்தது.

முதலாளி திருநெல்வேலிக்காரர். கடைக்கே அவர் அண்ணாச்சி. சிவந்த கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் நம்பியது. அண்ணாச்சிக்கு அது வேதவாக்கு. லீவு கொடுக்கவும் மனசு வரவில்லை, முகத்தைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. ஆகவே ஒரு சட்டம் போட்டார். கண் சிவந்தவன் சுவரைப் பார்த்து நின்றுதான் வியாபாரம் செய்யவேண்டும். கஸ்டமர் கேட்ட புடவையை ரேக்கிலிருந்து எடுத்து, திரும்பாமலே தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டவேண்டும். சிரிக்காதீர்கள். இதை அமல்படுத்தியவன் நான்தான்.

எங்கள் செக்‌ஷனின் தூண் காதர் பாய். புடவையை வாயால் விற்கிறோம் என்று நினைப்பீர்கள். கண்ணால்தான். விரித்ததில் எந்தப் புடவையில் அந்த அம்மாளின் பார்வை ஒரு கணம் நின்றது என்று பாய் பார்த்து வைத்துக்கொள்வார். அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு வேறு நாலைந்தை விரிப்பார். கடைசியில் அதையே எடுத்து மடியில் போடும்போது பில் போட்டாயிற்று என்று அர்த்தம். அவரைப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னால்?

பாய்க்குக் கண் சிவந்த அன்று, அவருடைய பழைய கஸ்டமரான மயிலாப்பூர் மாமி ஒருவர் வந்தார். பெண்ணுக்குத் தலைதீபாவளி. பாயின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன காதர், எங்காத்து மேல கோவமா? இப்படி முதுகைக் காட்டிண்டு நிக்கறே" என்றார். பாய் முகத்தைத் திருப்பப் போனார். கல்லாவிலிருந்து அண்ணாச்சி கனைத்தார். பாய் மீட்டர் கோலை மேஜையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் கிளம்பினார்கள்.

கொஞ்ச நாளிலேயே ஆண்டவன் அண்ணாச்சியையும் பிடித்துக்கொண்டான். கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தல்ல, கடையைப் பார்த்து. மாமிகள் பாய் எங்கே என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போவதை அந்தக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் வரவில்லையென்றால் நானும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மயிலாப்பூரில் பாய் வீட்டுக்கு ஓடினேன். அவருக்குக் கண் தெளிந்திருந்தது. சம்பளத்தில் குறையா என்று கேட்டேன்.

"அத்த யாரு கேட்டாங்க நாயுடு? நாயத் தொரத்துறவன்கூட அது மூஞ்சியப் பாத்துதான் தொரத்துறான். அண்ணாச்சிய வந்து என் மூஞ்சியப் பாத்துக் கூப்பிடச் சொல்லு, வர்றேன்."

எதிர்க்கடைக்காரர் பாய் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனதாக அண்ணாச்சியிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அன்று சாயங்காலமே என்னையும் கூட்டிக்கொண்டு ரிக்‌ஷா பிடித்தார்.

பாய் வீட்டு வாசலில் கூலிங் கிளாஸோடு நின்றபடி, கடைக்கு வரும்படி கூப்பிட்டார். பாய் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். மெல்லத் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"பேசுங்க அண்ணாச்சி. கேட்டுக்கினுதான் கீறேன்."

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் சிரிப்பது கேட்டது. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். கண் இரண்டும் கோவைப்பழம்.

"திரும்பும் பாய். எனக்கும் வந்துட்டு. பாத்தா உமக்கு ஒட்டிக்கிடும், பரவால்லையா?"

பாய் திரும்பி அந்தக் கண்களை நேருக்கு நேர் பார்த்தார். வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கிறாரா என்று விசாரித்தார். மறுநாள் கடைக்கு வந்தார், மற்றவர்களும் வந்தார்கள்.

அதற்குப்பின் பல கடைகள் பார்த்துவிட்டேன். ஆள் நின்றுவிட்டால் நோய், சம்பளம், எதிர்க்கடை என்று காரணம் தேடுவார்கள். கடைசியாக அவன் முகத்தைப் பார்த்து யார் பேசினார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அந்த வாரக் கடைசியில் எனக்கும் கண் சிவந்தது. பழக்கதோஷத்தில் சுவர்ப் பக்கம் போய் நின்றேன். "யோவ் நாயுடு, இங்கன திரும்பி நில்லும்" என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது. திரும்பினேன். கண் தெளிந்திருந்த அண்ணாச்சி அவசர அவசரமாகக் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டிருந்தார்.