காய்க்காகக் காத்திருந்த மலைமரம்

1. நான்கு கதவு

தொண்ணூறுகளின் நடுவில் செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். முதல் நாள் துறைத் தலைவர் என் கையில் கொடுத்தது சாக்பீஸ் அல்ல, ஒரு ஹெர்பேரியம் ஷீட். அட்டையில் ஒட்டிய காய்ந்த கிளை. மேற்கு மலையில், ஒரு ஏலக்காய் எஸ்டேட்டின் ஓரத்தில் நின்ற மரத்திலிருந்து வந்தது. "லாரேசி குடும்பம்னு தெரியுது. அதுக்கு மேல புடிபடல. நீங்க பாருங்கம்மா" என்றார்.

லாரேசி என்றால் லவங்கப்பட்டை, பிரிஞ்சி இலையின் குடும்பம். இலையைக் கசக்கினால் வாசனை வரும். சுலபமான வேலை அதோடு முடிந்தது. மீதியெல்லாம் மிளகளவுப் பூவுக்குள் இருக்கிறது. பூவை வெந்நீரில் ஊறவைத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஊசியால் பிரித்து, மகரந்தப் பை திறப்பதற்கு இரண்டு கதவா, நான்கு கதவா என்று எண்ண வேண்டும். ஃபேன் போட்டால் பூ பறந்துவிடும். செங்கல்பட்டு மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

கதவு நான்கு இருந்தது. பூவின் நடுவில் சூலகமும் இருந்தது. ஆகவே ஆணும் பெண்ணும் ஒரே பூவில் என்று முடிவு செய்தோம். இலையோ தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. புது இனம்தான். அன்றிரவு எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

2. தலைவரின் நிபந்தனை

மரத்தை நேரில் பார்க்க நானும் ஏழுமலையும் போனோம். ஏழுமலை எங்கள் துறையின் ஃபீல்டு உதவியாளர், கருங்குழிக்காரர், அந்தக் கிளையை ஏறி ஒடித்தவரும் அவரே. எஸ்டேட் மேனேஜர் டீ கொடுத்து உபசரித்துவிட்டு, அந்த ஓரமாக லாரி ரோடு வரப்போகிறது என்றார். மரத்தை விட்டுவைக்கக் கெஞ்சினேன்.

"பேரு என்னங்க மேடம்? பேரே இல்லாத மரத்துக்காக முதலாளிகிட்ட நான் என்னன்னு பேசுறது? அச்சுல போட்டுக் கொண்டாங்க, ரோட்டைக் கொஞ்சம் தள்ளிக்கலாம்."

நியாயமான பேச்சுதான். தலைவரிடம் வந்து சொன்னேன். காயைப் பார்க்காமல் புது இனம் என்று எழுதினால் ஊர் சிரிக்கும் என்றார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது அவர் அடிக்கடி சொல்வது. கெட்ட மனிதர் இல்லை. எங்கள் தொழிலில் கவனமான ஆட்கள் எல்லோரும் அப்படித்தான்.

வருஷா வருஷம் ரயிலேறினோம். மரம் கொட்டக் கொட்டப் பூத்தது. காயில்லை. குரங்கைத் திட்டினோம், காற்றைத் திட்டினோம். ஏழுமலை கிளைகளில் வலைப்பை கட்டிவிட்டு வந்தார். அடுத்த முறை போனால் பைக்குள் சருகான பூ மட்டும் கிடந்தது.

"இத்தினி பூ பூக்குது, ஒரு பிஞ்சு நிக்கல. பேஜாரா கீது மேடம்" என்றார் ஏழுமலை.

3. வெறும் சதை

ஒரு மழைக்காலத்தில் மாமல்லபுரம் பக்கத்து ஈரக்காற்று அடித்து ஷீட்டெல்லாம் பூஞ்சை பிடித்தது. அதனால் அடுத்த முறை பூக்களை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுக் கொண்டுவரச் செய்தேன். காய்ந்துபோகாத பூ என்பதால் சூலகத்தையும் பிளேடால் வெட்டிப் பார்க்க முடிந்தது. உள்ளே சூல் இல்லை. வெறும் சதை. இன்னொரு பூ, இன்னொரு பூ என்று வெட்டினேன். எல்லாம் அப்படியே.

இந்தக் குடும்பத்தில் பல மரங்களுக்கு ஆண் தனி, பெண் தனி. ஆண் பூவின் நடுவில் பேருக்கு ஒரு பொய்ச் சூலகம் இருக்கும். புத்தகத்தில் படித்ததுதான், வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்ததுதான். தலைவர் வெகுநேரம் மைக்ரோஸ்கோப்பை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"ஆண் மரம்மா" என்றார்.

ஆண் மரத்தடியில் நின்று வருஷக்கணக்கில் காய் கேட்டிருக்கிறோம். காய்க்காத மரத்தைக் காய்க்காத மரம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பூவைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இப்படியொரு நம்பிக்கை வரும்.

பெண் மரத்தைத் தேடிக் காடெல்லாம் அலைந்தோம். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் தலைவர் எழுதச் சொன்னார். எழுதினேன். அது அச்சாகி வருவதற்குள் இரண்டாயிரம் பிறந்து சில வருஷமும் போய்விட்டது.

பிரதியை எடுத்துக்கொண்டு இருவரும் மலைக்குப் போனோம். மேனேஜர் மாறியிருந்தார். புது மேனேஜருக்கு மரமும் தெரியாது, வாக்கும் தெரியாது. மரம் நின்ற இடத்தில் ஜல்லி ரோடு. ஓரத்தில் அடிக்கட்டைகூட இல்லை, வேரோடு பெயர்த்திருந்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ரயிலில் திரும்பினோம். செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கியதும் ஏழுமலை சொன்னார்.

"பேரு வச்சிட்டீங்க மேடம், சரி. கூப்டா இன்னான்னு கேக்க ஆளு எங்க கீது?"

பிறகும் யாரும் அந்த மரத்தை எங்கும் பார்த்ததாகத் தகவல் இல்லை. என் பெயரோடு சேர்த்து அதன் பெயரைச் சொல்லிப் பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு உடம்பு கூசும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான். கையில் இருப்பதை வைத்து எழுதிவிடுங்கள். காயைப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள். கடைசியில் நானும் அந்த வரியைத்தான் எழுதினேன். முதல் வருஷமே எழுதியிருந்தால் அந்த மரம் நின்றிருக்கும்.