செல்விக்குச் சிசேரியன் ஆன வெள்ளிக்கிழமை

வலிக்குமான்னா கேக்குறீங்க தாயி? கத்தி வைக்கிறப்ப வலிக்காது. அப்புறந்தான் வலிக்கும், அதுக்கும் மருந்து இருக்கு. திண்டுக்கல்ல ஒரு நர்சிங் ஹோம்ல பதினஞ்சு வருசமா தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுறவன் சொல்றேன். போறப்ப ஓராளு, திரும்புறப்ப ரெண்டாளு. எந்த டிரைவரும் இப்படி ஒரு வண்டி ஓட்டியிருக்க மாட்டான். பெஞ்சுல பயந்துபோயி உக்காந்திருக்குற உங்க எல்லாருக்கும் குஜிலியம்பாறை செல்வி கதை தெரியணும்.

ரெண்டு இட்லி

காலையில வலியோட வந்து சேந்த புள்ள. பத்தரை மணிக்கு, உள்ள இருக்குற குழந்தைக்கு நெஞ்சுத் துடிப்பு இறங்குது. உடனே ஆபரேஷன்னுட்டாக டாக்டரம்மா. "ஏதாச்சும் சாப்டியா?"ன்னு கேட்டதுக்கு, "பச்சத்தண்ணி பல்லுல படல"ன்னு மாமியா பதில் சொல்லுச்சு.

ஸ்ட்ரெச்சரத் தள்ளிக்கிட்டு வராந்தா திரும்புறப்ப செல்வி என் சட்டையப் பிடிச்சு இழுத்துச்சு. "அண்ணே, எட்டு மணிக்கு ரெண்டு இட்லி தின்னேன். அத்தைதான் ஊட்டி விட்டாக." மயக்கத்துல அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள்ள போனா உசுருக்கே ஆபத்து. ஓடிப்போயி மயக்க டாக்டர்ட்ட சொன்னேன். வயித்துக்கு ஒரு மருந்து குடுத்து, முழு மயக்கம் வேணாம், முதுகுல ஊசின்னு முடிவு பண்ணுனாரு. ஏம்மா மறைச்சீகன்னு மாமியாட்ட கேட்டேன்.

"புள்ள பெறப் போறவள வெறும் வயித்தோட அனுப்ப நான் என்ன கல்லா?"

ராகு காலம்

அடுத்து கையெழுத்து. புருசன்காரன் பேனாவோட நிக்கிறான், போட மாட்டேங்குறான். "ராகு காலம் பன்னெண்டுக்கு முடியுது. செத்த நேரம் பொறுங்க"ங்குறான். துடிப்பு இன்னும் இறங்குதுன்னு வயித்துல கருவிய வச்சுப் பாத்த நர்சு கத்துது. "அந்தப் புள்ளையே போடலாம்ப்பா, அது கையெழுத்து செல்லும்"னு டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம், ஸ்ட்ரெச்சர்லருந்து ஒரு கை நீளுது.

"பேனாவ இங்கிட்டுக் குடுங்க, வயிறு என்னோடது."

பச்சைத் துணி

முதுகு ஊசிக்கு நல்லா கூனிக் குனிஞ்சு அசையாம உக்காரணும். நாந்தான் தோளப் பிடிச்சுக்கிட்டேன். செத்த நேரத்துல இடுப்புக்குக் கீழ மரத்துருச்சு. ஆனா முழிப்பு இருக்கும், இழுக்குறது அமுக்குறதெல்லாம் தெரியும். அதுக்குப் பயப்படாதீக. நெஞ்சுக்கு நேரா பச்சைத் துணி தொங்கும், ஒண்ணும் பாக்க முடியாது.

நான் தலைமாட்டுலயே நின்னேன். அஞ்சே நிமிசத்துல குழந்தைய எடுத்துட்டாக. சத்தமில்ல. "அண்ணே, ஏன் அழுகல?"ங்குது செல்வி. நான் கூரையப் பாக்குறேன். குழந்தை டாக்டரு முதுகத் தேய்க்குறாரு, மறுபடி தேய்க்குறாரு... வீல்னு ஒரு சத்தம்! பொம்பளப் புள்ள! நர்சுக கையத் தட்டுதுக, நானும் தட்டிட்டேன்.

எடுக்கத்தான் அஞ்சு நிமிசம், அடுக்கடுக்காத் தைக்க முக்கா மணி நேரம். செல்விக்குப் பொறுமை போயிருச்சு.

"எங்கூரு டைலரு ரெண்டு ஜாக்கெட்டே தைச்சிருப்பாருண்ணே!"

இம்புட்டு வருசத்துல நான் பாத்தது, தாயி, உள்ள கத்தி பிடிக்கிறவுகள விட வெளிய கூடி நிக்கிற சொந்தக்காரவுகளுக்குத்தான் கை ரொம்ப நடுங்குது.

"அண்ணே, ஸ்ட்ரெச்சர்!" நர்சு கூப்புடுது.

இந்தா, வாரேன்.